வீட்டுக் கத்தரிக்கோலும் பிள்ளையின் பாடசாலை நாளும்

(தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், எமது சங்கத்தின் அமைப்பாளர்களில் ஒருவரான தோட்டப் பாடசாலை ஆசிரியை ஆற்றிய உரை.)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே "கல்வி" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். டீச்சர் இன்றைக்கும் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று சிலர் பின்வரிசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டீர்கள். இன்றைக்கு அது இல்லை. இன்றைக்கு நான் பேசப்போவது முடிவெட்டைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் செய்த ஒரு பிழையிலிருந்துதான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும். அதைச் சொல்லி முடித்த பிறகு, இது சிரிக்கிற விஷயமா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் படிப்பிக்கிற வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தரம் 7. கணக்கில் கெட்டிக்காரன். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் சித்திரைக்கும்தான் வருவார். அம்மா கொழுந்து எடுக்கிறவர். ஒரு மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில் பார்த்தால் இவனுக்கு முடி காதை மூடிக்கொண்டு கொலரில் விழுகிறது. அன்றைக்கு ஒழுங்குப் பொறுப்பு என்னிடம். நான் அவனைக் கூப்பிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "போய் முடி வெட்டிக்கொண்டு வா. வெட்டாமல் வகுப்புக்குள் வரக்கூடாது" என்று சொன்னேன். பையன் ஒன்றும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன் வரவில்லை. வியாழக்கிழமை கணக்குத் தவணைப் பரீட்சை. அதற்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் நான் லயத்துக்குப் போனேன். அம்மா அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"பத்தாந் தேதி சம்பளம் வரட்டும்னு பார்த்தேங்க டீச்சர். அது வரைக்கும் கையில காசு இல்லீங்க."

அவ்வளவுதான் காரணம். பத்தாம் திகதி வரும்வரை அந்தத் தலைமுடி காத்திருந்தது. முடியோடு சேர்ந்து பிள்ளையும் காத்திருந்தான். ஐந்து பாடசாலை நாள், ஒரு பரீட்சை. நாங்கள் சங்கத்தில் ஒரு நாள் சம்பளம் வெட்டப்பட்டால் தோட்டத்து ஆபிஸ் வாசலில் போய் நிற்கிறோம். அந்தப் பிள்ளையின் ஐந்து நாளை வெட்டியது நான். துரை அல்ல, கணக்கப்பிள்ளை அல்ல. இதே லயத்தில் பிறந்து வளர்ந்த நான்.

கணக்கைப் பாருங்கள்

அந்த அம்மாவின் நிலைமையைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024இல் 1,350 ரூபா ஆனது. அந்த 1,350இல் ஈ.பி.எஃப். 8 வீதம் கழித்தால் 108 ரூபா போனது, கையில் வந்தது 1,242 ரூபா. இது நிறுவை காட்டி முழுப்பேர் விழுந்தால். மழையில் அரைப்பேர் விழுந்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் டவுன் சலூனில் பெரியவருக்கு 500 ரூபா, பிள்ளைக்கு 400 ரூபா. ஒரு தகப்பனும் இரண்டு ஆண்பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு ஒரு தடவை 1,300 ரூபா. பஸ் காசு சேர்க்கவில்லை. அந்தச் சம்பளத்தில் ஒரு நாள் முழுக்கக் கூடை சுமந்த காசு போதவில்லை, மேலும் 58 ரூபா தேட வேண்டியிருந்தது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீட்டர் வளரும். பாடசாலை கேட்கிற அளவில் வைத்திருக்க மாதம் ஒரு தடவை வெட்டத்தான் வேண்டும். வருஷத்துக்கு 15,600 ரூபா. அந்தச் சம்பளத்தில் பன்னிரண்டரை நாள் கொழுந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு மட்டுமா? நமக்கு இருக்கிற லீவு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு எல்லாத் தோட்டமும் டவுனில் நிற்கும். சலூனில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுச் சாமான் வாங்கி, திரும்பி வந்து பார்த்தால் இன்னும் மூன்று பேர் முன்னால். கடைசி பஸ் போய்விட்டால் அவ்வளவு தூரமும் நடை.

அந்தக் கைகளைப் பற்றி

அந்த வெள்ளிக்கிழமை நான் அம்மாவிடம், "கத்தரிக்கோல் இருந்தால் நானே வெட்டிவிடுகிறேன்" என்றேன். உள்ளேயிருந்து பாட்டி வந்தார். "வெள்ளிக்கிழமை, வீட்டு வாசல்ல முடி விழக்கூடாது" என்றார். சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அப்போதும் பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. இந்த வேலைய நீங்க செய்யலாமா?"

வெள்ளிக்கிழமை என்பது நம்பிக்கை. அதை நான் மதிக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம் என்றால் மற்ற ஐந்து நாள் இருக்கிறது. ஆனால் பாட்டி கடைசியில் கேட்டாரே, அந்தக் கேள்விக்குள் இருப்பது வேறு. அதை இந்தக் கூட்டத்தில் பேசாமல் விட முடியாது.

என் தாத்தா சொல்வார். அவருடைய காலத்தில் எங்கள் தோட்டத்தில் முடிவெட்டுவதற்கென்று ஒரு குடும்பம் இருந்தது. அவர் லயம் லயமாக வருவார். அதற்கென்று எல்லோருடைய சம்பளத்திலும் ஒரு சிறு தொகை பிடிப்பார்கள், டோபிக்குப் பிடிப்பது போல. பிள்ளை பிறந்தால் அவர் வேண்டும், கருமாதிக்கு அவர் வேண்டும். ஆனால் அவர் இஸ்தோப்பில் ஏறமாட்டார். ஏறவிடமாட்டார்கள். வாசலில் குந்தியபடியே வெட்டுவார். தேத்தண்ணி கொடுத்தால் வேறு சிரட்டை. எல்லோரும் ஒரே துரையிடம் கைகட்டி நின்றவர்கள். எல்லோரும் ஒரே அளவு காம்பராவில் படுத்தவர்கள். அதற்குள்ளும் ஒருவரைக் கீழே உட்கார வைக்க நமக்கு முடிந்திருக்கிறது.

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நமது சனங்கள் கப்பல் ஏறினார்களே, அந்தக் குடும்பமும் அப்படியே இந்தியாவுக்குப் போனது. அவர்களுடைய இடத்துக்கு எங்கள் தோட்டத்தில் யாரும் வரவில்லை. கொஞ்ச நாள் சனங்கள் தவித்துப்போனார்கள் என்று தாத்தா சொல்வார். பிறகு காசு உள்ளவர்கள் டவுனுக்குப் போனார்கள். இல்லாதவர்கள் வீட்டிலேயே கத்தரிக்கோல் எடுத்தார்கள். என் அப்பா அப்படித்தான் பழகினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்தோப்பில் ஸ்டூலைப் போட்டு என் அண்ணன்மார் இருவருக்கும் வெட்டுவார். பிறகு ஜன்னலில் ஒரு கண்ணாடியை மாட்டித் தன் தலையைத் தானே வெட்டுவார். பின்னால் இன்னொரு கண்ணாடியைப் பிடிக்கிற வேலை எனக்கு. கை ஆடினால் "ஏய், மலை சாயுது" என்பார். நான் முடிவெட்டப் பழகியது அந்தக் கண்ணாடிக்குள் பார்த்துத்தான்.

ஆனால் அப்பாகூட வெளியில் யாரிடமும் இதைச் சொல்லமாட்டார். யாராவது வந்தால் கத்தரிக்கோலைத் துணிக்கு அடியில் வைத்துவிடுவார். ஏன் என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. முடி வெட்டுவது கேவலமான வேலை என்று நாம் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். இன்றைக்கும் லயத்தில் இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால், அந்தச் சாதிப் பெயரைத்தான் வசவாகச் சொல்கிறார்கள். நான் வகுப்பில் கேட்டிருக்கிறேன். பெரியவர்களிடமிருந்து கேட்காமல் பிள்ளைகளுக்கு அது எப்படி வரும்?

வெளியாள் யாராவது நம்மைத் "தோட்டக்காட்டான்" என்று சொன்னால் நமக்கு இரத்தம் கொதிக்கிறது. கொதிக்க வேண்டும். தேயிலையைத் தொடுகிற கையை இழிவாகப் பேசக்கூடாது என்று நாம் சொல்கிறோம். அப்படியானால் தலையைத் தொடுகிற கையையும் பேசக்கூடாது. ஒரு தொழிற்சங்கத்தில் இருந்துகொண்டு, இது மேலான வேலை, அது கீழான வேலை என்று பேச நமக்கு வாய் வரக்கூடாது. ஆகவே பாட்டியிடம் நான், "அம்மாச்சி, சோக்குப் பிடிக்கிற கைதான் கத்தரிக்கோலும் பிடிக்கும்" என்றேன். அவர் ஒப்புக்கொண்டாரோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை அவரே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

எப்படி வெட்டுவது

சரி, இனி வேலைக்கு வருவோம். தாய்மார் பல பேர் "டீச்சர், எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கத்தரிக்கோல். துணி வெட்டுகிறது, வெங்காயத் தாள் நறுக்குகிறது, எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றால் அது முடியை வெட்டாது, மடித்துப் பிடித்து இழுக்கும். பிள்ளை அழும். பிறகு ஜென்மத்துக்கும் தலை காட்டமாட்டான். முடிக்கென்றே ஒரு கத்தரிக்கோல் வாங்குங்கள். இரண்டு மூன்று தடவை சலூனுக்குப் போகிற காசில் வாங்கலாம். அதை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

நேரம் முக்கியம். பனி விலகி வெயில் வந்த பிறகு, இஸ்தோப்பில் அல்லது வாசலில். அந்தி நேரத்தில் பல்ப் வெளிச்சத்தில் வெட்டினால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். பழைய சேலையைக் கழுத்தைச் சுற்றிக் கட்டுங்கள். தலையை லேசாக நனைத்துச் சீவுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஈர முடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும், சுருட்டை முடி இன்னும் ஏறும். ஆகவே நினைத்த அளவுக்கு ஒரு விரல் குறைவாகவே வெட்டுங்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பின்கழுத்திலிருந்து தொடங்குங்கள். சீப்பைத் தலையோடு ஒட்டி வைத்து, கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். சீப்புப் பல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற முடியை மட்டும் வெட்டுங்கள். சீப்பு மேலே போகப் போக அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையிலிருந்து விலக்குங்கள். அப்போது கீழே கட்டையாகவும் மேலே நீளமாகவும் தானாக வரும். அளவு சீப்பில்தான் இருக்கிறது, கத்தரிக்கோல் சீப்பின் பின்னால் போகிறது. கவ்வாத்து வெட்டிய ஆண்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரே வீச்சில் வெட்டாமல் மட்டம் பார்த்துப் பார்த்து வெட்டுகிறீர்களே, அதே கைதான்.

உச்சியில் இரண்டு விரலுக்கு இடையில் முடியைப் பிடித்துத் தூக்கி, விரலுக்கு மேலே வருவதை வெட்டுங்கள். முதலில் வெட்டிய அளவை வைத்தே அடுத்ததையும் பிடியுங்கள். காதுக்கு வந்தால் காதை மற்றக் கையால் மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் நுனி எப்போதும் முகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். சின்னப் பிள்ளை அசைந்தால் நிறுத்திவிடுங்கள். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்றாலும் பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கழுத்தில் பிளேடு போடுவதானால் ஆளுக்கு ஒரு புதிய பிளேடு. ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடாதீர்கள். ஈரலைத் தாக்குகிற சில நோய்க்கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்திலும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையின் தலையில் படையோ புண்ணோ இருந்தால் முதலில் தோட்டத்து வைத்தியரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு தலைக்கும் பிறகு கத்தரிக்கோலையும் சீப்பையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

பெண்பிள்ளைகளின் முடிக்கு வருவோம். நுனி பிளந்திருந்தால் இரண்டாகப் பிரித்து இரண்டு தோளுக்கும் முன்னால் விட்டு, சீவி, ரப்பர் பேண்ட் போட்டு, அதை வேண்டிய இடம் வரை கீழே இறக்கி, அதற்குக் கீழே உள்ளதை வெட்டினால் இரண்டு பக்கமும் சரியாக இருக்கும். என் முடியை நான் இப்படித்தான் வெட்டிக்கொள்கிறேன். ஆண்கள் தங்களுக்குத் தாங்களே வெட்டுவதானால் என் அப்பா மாதிரி இரண்டு கண்ணாடி வேண்டும். பின்கழுத்தை மட்டும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பேன் பிடித்துவிட்டது என்று பெண்பிள்ளைக்கு மொட்டை அடிக்காதீர்கள். அந்தப் பிள்ளை அதன் பிறகு ஒரு மாதம் வகுப்பில் தலை நிமிர்த்தாது. ஈரத் தலையில் எண்ணெயோ ஷாம்பூவோ நிறையப் போட்டு, பேன் சீப்பால் அடியிலிருந்து நுனி வரை வாருங்கள். ஈர் ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும். அதனால் ஒரு தடவை வாரினால் போதாது. மூன்று நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கு மேல், வீட்டில் எல்லோருக்கும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுப்பு எரிகிற காம்பராவில் மண்ணெண்ணெய்த் தலையோடு ஒரு பிள்ளை நடமாடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மலைக்கு அடிக்கிற மருந்தைத் தலையில் தேய்ப்பது அதைவிட மோசம். அது தோல் வழியாக உடம்புக்குள் போகும், உயிரை எடுக்கும்.

வெட்டி முடிந்ததும் முடியைக் கூட்டி அள்ளிக் குழியில் போடுங்கள். பீலிக்கரையில் விட்டால் தண்ணீர் போகிற வழியெல்லாம் அடைக்கும், பிறகு லயத்துக்கு லயம் சண்டை. அதற்குச் சமாதானம் பேசவும் தலைவர்தான் வரவேண்டும்.

சிக்கனம் சம்பளத்துக்குப் பதில் அல்ல

முடிப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று: வீட்டில் முடி வெட்டுங்கள் என்று நான் சொல்வதை யாரும் நாளைக்கு நமக்கு எதிராகத் திருப்பக்கூடாது. "பார்த்தீர்களா, சிக்கனமாக இருக்கத் தெரிந்தால் இந்தச் சம்பளமே போதும்" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஒரு தாய் கத்தரிக்கோல் எடுத்து மிச்சம் பிடிக்கிற காசு அவள் பிள்ளையின் கொப்பிக்கும் முட்டைக்கும். அதைக் கம்பெனியின் கணக்கில் வரவு வைக்க முடியாது. மாதம் ஒரு தடவை தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் முடி வெட்ட ஒரு நாள் சம்பளம் போதவில்லை என்றால், பிழை சலூன்காரரிடம் இல்லை, தாயிடமும் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிற நமது தலைவர்கள் அரிசி, மாவு, பருப்பு விலையோடு இந்த 1,300 ரூபாவையும் எழுதிக்கொண்டு போகட்டும்.

இரண்டு: போன கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார், "டீச்சர், எல்லாரும் வீட்டில வெட்டினா சலூன்காரர் எங்க போவார்?" என்று. நியாயமான கேள்வி. அவரும் நாள் முழுக்க நின்று உழைக்கிறவர். கடை வாடகை, கரண்ட் பில் எல்லாம் அவருக்கும் ஏறியிருக்கிறது. கையில் இருக்கும்போது போங்கள். கல்யாணத்துக்கு, திருவிழாவுக்குப் போங்கள். போனால் பேரம் பேசாதீர்கள், "அண்ணன்" என்று கூப்பிடுங்கள். வீட்டில் ஒரு தலையை வெட்டிப் பார்த்தவருக்கு அவருடைய கையின் அருமை கூடத் தெரியும்.

இந்தக் கூட்டத்திடம் மூன்று விஷயம் கேட்கிறேன். தீர்மானமாக எடுத்தால் சந்தோஷம். ஒவ்வொரு டிவிஷன் கமிட்டியும் கமிட்டிக் காசில் ஒரு நல்ல கத்தரிக்கோலும் இரண்டு சீப்பும் வாங்கி மாதர் சங்கத் தலைவியிடம் வைக்கட்டும். வேண்டியவர்கள் எடுத்து, கழுவித் திருப்பிக் கொடுக்கட்டும். தவணை தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் பெரட்டுக்களத்தில் வைத்துப் பழக்கிக்கொடுக்கட்டும். மூன்றாவது, நமது பாடசாலை அதிபர்களுக்குச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போகட்டும்: முடி வளர்ந்திருந்தால் பெற்றோருக்குத் துண்டு எழுதி அனுப்புங்கள், பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள், வகுப்புக்கு முன்னால் நிறுத்தி வைத்து யாரும் பிள்ளையின் முடியை வெட்டாதீர்கள். அந்தக் கடிதத்தில் ஆசிரியர் என்ற முறையில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். எங்கள் பாடசாலையில் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன். எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பரவாயில்லை.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வெட்டினேன். அவசரத்தில் வலது காதுக்கு மேலே ஒரு படி விழுந்துவிட்டது. திங்கட்கிழமை வந்தவனை வகுப்பே "கவ்வாத்து மலை" என்று கூப்பிட்டது. அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் தவறிய கணக்குப் பரீட்சைக்கு அவனுடைய ரிப்போர்ட்டில் கோடுதான் விழுந்திருக்கிறது. நான் வேறு தாள் வைத்துத் திருத்திப் புள்ளி கொடுத்தேன், 81. அது ரிப்போர்ட்டில் ஏறவில்லை. அந்தக் கோட்டைப் போட்டது என் கை. இனி எந்தப் பிள்ளைக்கும் முடியின் பெயரால் அப்படி ஒரு கோடு விழக்கூடாது என்றுதான் இவ்வளவும் பேசினேன்.

கூட்டம் முடிந்ததும் கத்தரிக்கோலும் சீப்பும் என் பையில் இருக்கிறது. பழக விருப்பமுள்ளவர்கள் நில்லுங்கள். தலை கொடுக்கிறேன் என்று எங்கள் தோட்டத் தலைவர் சொல்லியிருக்கிறார்.